பச்சைக் கட்டமும் ஊதாக் கட்டமும்

இலங்கையில் எங்கள் எல்கடுவ மலையில், ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய பீலித் தண்ணீர் எந்நேரமும் கொட்டும். அதன் கீழே நின்று கழுத்தில் ஒரு சொட்டும் படாமல் குளிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆறு வாரம் நான் அப்படித்தான் குளித்தேன். உடம்புக்கு ஈரத்துணி. லீவுக்கு வீட்டுக்கு வந்தால், தலைக்கு நாத்தனார் மாரியாயி சொம்பு சொம்பாக ஊற்ற, நான் ஆடு மாதிரி கழுத்தை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு குனிவேன். நான் பிறந்த துறையூர்ப் பக்கத்துப் பெண்கள் நீங்கள் இதைப் படித்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். நம் ஊரில் கழுத்தில் கட்டி வந்தால் பற்று அரைத்துப் போடுவோம். உடைந்தால் சரி, உடையாவிட்டால் சாமி விட்ட வழி. இந்த நாட்டில் கட்டியைச் சுற்றி ஊதா மையால் கோடு கிழித்து, அது அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள்.

வெற்றிலை ஒதுக்குகிற பக்கம் தாடைக்குக் கீழே வந்தது அது. தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா தொட்டுப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். அங்கே எக்ஸ்ரே பிடித்து, சதை கிள்ளிப் பார்த்து, புற்று என்றார்கள். வார்டில் வைத்து தினமும் கதிர் வைக்கிற மெஷின் அறைக்குக் கூட்டிப்போவார்கள். கட்டிலில் படுக்க வைத்து, மேலேயிருந்து விழும் விளக்கு வெளிச்சத்தை ஊதாக் கட்டத்துக்குள் சரியாக நிறுத்துவார்கள். பிறகு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனத்த கதவு சாத்திக்கொள்ளும். நல்லது செய்கிற மெஷின் என்றால் இவர்கள் எதற்கு ஓடுகிறார்கள்? வலி இல்லை, சூடு இல்லை, வாசனை இல்லை. அடிக்கிற கை தெரிந்தாலாவது பயம் ஓர் அளவில் நிற்கும். நான் யாருக்கும் முன்னால் அழுகிறவள் இல்லை. அந்தக் கதவு சாத்திய பிறகு மட்டும் அழுதேன்.

வார்டில் மாத்தளை டவுனிலிருந்து வந்த ஒரு வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் சிலுவை போட்டவள், நர்ஸாக இருந்தாள். "கோடு அழிஞ்சா கதிரை எங்க வைக்கணும்னே தெரியாம போயிடும்மா. முடியிற வரைக்கும் இருக்கணும்" என்று தினமும் சொல்வாள். அது எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

அந்த வருஷங்களில் இங்கே ஞாயிறு லீவு கிடையாது, நிலாக் கணக்கில் வாரம் ஒருமுறை வரும் போயாவுக்குத்தான் லீவு. மெஷினுக்கும் லீவு. மூன்றாவது போயாவுக்கு வீட்டுக்கு வந்தேன். பஸ் நெரிசலில் வேர்த்து ஊற்றி, ஒரு பக்கத்துக் கோடு பாதி கரைந்திருந்தது. கண்ணாடியில் பார்த்ததும் விசிறியை எடுத்து வேர்வையை ஆற்றினேன்.

"என்னா அண்ணி, தொரை வந்து மலை அளந்த மாதிரி கழுத்துல கோடு?" என்றாள் மாரியாயி.

"சும்மா இருடி. இது அழிஞ்சா நான் அழிஞ்சேன்."

லீவு நாளாகையால் எங்கள் வரிசை வீட்டு லயத்தில் ஒரு குறத்தி பச்சை குத்திக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் துறையூரில் என் கையில் குத்திய கோலம் இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளி மங்கவில்லை. ஆஸ்பத்திரி மையைவிட நம் பச்சை உசத்தி என்று நினைத்தேன். "நான் குத்தினா சுடுகாடு வரைக்கும் கூட வரும் தாயி" என்றாள் அவள். கட்டத்தின் நாலு மூலையிலும், கரைந்த கோட்டை இருந்த மாதிரி ஊகித்து, குத்திக்கொண்டேன்.

திரும்பிப் போனபோது டொக்டர் ஸ்கேலை வைத்து அளந்தார். பிறகு நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா செஞ்சீங்க? இன்னையிலேருந்து கட்டத்தை சின்னதாக்கணும். முந்தியெல்லாம் ஒரே கட்டத்துலயே கடைசி வரைக்கும் வைப்பாங்களாம். முதுகுத்தண்டு நரம்பு ஓரளவுக்கு மேல தாங்காதுன்னு இப்ப வெளிநாட்டுல ஆராய்ஞ்சு கண்டிருக்காங்க. பழைய கட்டத்துல இனி வச்சா கை கால் விழுந்துடும்."

பழைய கட்டம் என் தோலிலிருந்து இனி போகாது. அதற்கு உள்ளே சின்னதாகப் புதிய ஊதாக் கட்டம் போட்டார்கள். குத்தின இடமெல்லாம் புண்ணாகி எரிந்தது. அந்த எரிச்சல் பெரிதில்லை. என்னைக் கொல்லக்கூடிய கணக்கை என் கழுத்திலேயே நான் எழுதி வைத்திருந்தேன்.

பத்து நாள் போல் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் வழக்கமாக மெஷின் ஓட்டுகிற ஆள் வரவில்லை, புது ஆள். படுக்க வைத்து, விளக்கைத் திருப்பினார். வெளிச்சம் எங்கே விழுகிறதென்று படுத்திருப்பவளுக்குத் தெரியாது. மேலே மெஷினின் கண்ணாடியில் மங்கலாகக் கழுத்து தெரிந்தது. வெளிச்சத்தின் ஓரம் பச்சைப் புள்ளியில் நின்றது.

"ஹெல்லென்ன எப்பா" என்றார் அவர், அசையாதே என்று. கதவுப் பக்கம் நடந்தார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"மே நெமெய் மாத்தயா! இது இல்லை ஐயா!"

அவர் அதட்டினார். தோட்டத்துப் பொம்பளை பயந்துபோய் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். தோளைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தார். கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, "நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடுங்க, மிஸ் வராம படுக்க மாட்டேன்" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்து, புதிய அளவு எழுதிய என் காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு விளக்கைச் சின்னதாக்கினார். நான் மறுபடி படுத்தேன். கதவு சாத்தியது.

கட்டி கரைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். டொக்டர் பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் புதியதோடு ஒத்துப் பார்க்கிறார். போன மாதம், ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் எங்கள் பேர் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என் படங்களைக் கொடுங்கள், அங்கே போய்க் காட்டவேண்டும் என்றேன். "அது ஆஸ்பத்திரிச் சாமான், வெளிய குடுக்கிறதில்ல" என்றார் கிளார்க். ராமேஸ்வரத்தில் இறங்கப்போவது இந்தப் பச்சைப் புள்ளிகளோடு வெறும் கழுத்துதான். அதற்குள்ளே என்ன இருந்தது, எது போனது, எது மிச்சம் என்று சொல்லுகிற என் எலும்பின் படம், சிங்களத்தில் என் பேர் எழுதிய உறைக்குள், இங்கேயே அலமாரியில் இருக்கும்.