சுவரின் அடியில் காலி இடம்

எங்கள் பள்ளியில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. பீரோ, மின்விசிறி, கொடிக்கம்பம் என்று எதைப் பார்த்தாலும் யாரோ ஒருவர் குடும்பத்தோடு அதில் இருப்பார். டியூப்லைட்டில் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எழுதியதில் பாதி வெளிச்சம் போய்விட்டது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரசுப் பள்ளியில் நான் வேதியியல் நடத்துகிறேன். கோபக்காரி என்று எனக்குப் பெயர். அதை நான் மறுத்ததில்லை.

தனிம வரிசை அட்டவணையைச் சுற்றுச்சுவரில் பெரிதாக வரைந்து தர ஊர்த் தேங்காய் மண்டிக்காரர் ஒத்துக்கொண்டார். குடிதண்ணீருக்குத் தொட்டி கட்டித் தருவதாகவும் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம்.

இடைவேளையில் போய்ப் பார்த்தேன். கட்டங்கள் நேர்த்தியாகத்தான் இருந்தன. ஆனால் அடியில் தனியாக வர வேண்டிய இரண்டு வரிசைகளைக் காணோம். அந்த இடத்தில் மண்டிக்காரரும் மனைவி மக்களும் முழ நீள எழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யுரேனியமே இல்லாத அட்டவணை! தனிமங்களைக் கண்டுபிடித்தவர்கள்கூட இப்படி இனிஷியலோடு இடம் கேட்டதில்லை.

பெயிண்டர் ஏணியில் இருந்தபடியே சொன்னார்: "அந்த ரண்டு வரியும் வெளிய தனியாத்தானுங்க டீச்சர் கெடக்குது. இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுன்னு உட்டுப்போட்டனுங்க."

அவர் மனதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. நான் பிறந்த தெரு ஊருக்கு வெளியே தனியாகக் கிடந்தது. தோப்பு வேலைக்குப் போகிறவர்களின் தெரு. பதினோராம் வகுப்பில் இந்த இரண்டு வரிசைகள் மட்டும் ஏன் வெளியே நிற்கின்றன என்று கேட்டபோது, அது அப்படித்தான் என்று உட்காரச் சொன்னார்கள். கல்லூரிக்குப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. முதல் வரிசைக்குச் சொந்த இடம் பேரியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் நடுவில். இரண்டாவதுக்கு அதற்கு நேர் கீழே. இரண்டையும் உள்ளே வைத்தால் அட்டவணை நீண்டுவிடும், தாளின் அகலம் போதாது. அதனால் வெட்டிக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு ஒரு குற்றமும் அவை செய்யவில்லை. அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். கேட்டிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரை சுவர் நீண்டு கிடந்தது. இரண்டு வரிசைகளையும் அதனதன் இடத்தில் வைத்தே வரையச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் கீழேதானே இருக்கிறது, தொட்டியும் வராமல் போய்விடும், எதற்கு வம்பு என்று தலைமையாசிரியர் கெஞ்சினார்.

மறுநாள் மண்டிக்காரரே வந்தார். உபயத்தைச் சுவரின் ஓரத்தில் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அதற்குக்கூட இறங்கி வந்தார். அவரை உறுத்தியது வேறு.

"ஏனுங்க அம்மணி, எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கீழதான எழுதியிருக்குது. நீங்க மட்டும் எதுக்குங்க மாத்தறீங்க?"

"செவுத்துல எடம் இருக்குதுங்க. எடம் இருக்கறப்ப நான் யாரையும் வெளிய நிறுத்த மாட்டனுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் ஊரும் தெருவும் அவருக்குத் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பெயிண்டரும் டப்பாக்களோடு கிளம்பினார்.

நானும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுமாக வரைந்தோம். கோடெல்லாம் கோணல். ஒரு பச்சை பாதியில் தீர்ந்து வேறு பச்சை ஆகிவிட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி இது என்ன புதுசாக இருக்கிறது என்று கேட்டார். அணு எண்ணை ஒன்றிலிருந்து எண்ணிப் பாருங்கள், எங்காவது தடுக்கினால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றேன். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வரிசைக்கு வரிசை சுவரின் கடைசி வரை நடந்து திரும்பினார். நூற்றுப் பதினெட்டு வரை எங்கும் தடுக்கவில்லை.

தொட்டி வரவில்லை. பிள்ளைகள் இன்னும் வீட்டிலிருந்து பாட்டில் சுமந்து வருகிறார்கள். அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. புதிதாக யாராவது கட்டித் தருவார்களா என்று விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறேன். அப்படி வருகிறவர்களும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார்கள். அட்டவணைக்கு அடியில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்கிறார்கள்.

கிடக்கட்டும். அங்கே இனி யாரையும் வைப்பதாக இல்லை.