கடற்கரையில் மண்சரிவு அறிவித்தல்

நிலையக் கைநூல், பிரிவு ஏழு: "காலை அறிவித்தல்கள் அங்கீகரிக்கப்பட்ட அட்டவணைப்படி மட்டுமே வாசிக்கப்படும். மாற்றத்துக்குத் தலைமையகத்தின் எழுத்து மூல அனுமதி பெறப்பட வேண்டும்."

அந்த அட்டவணை ஒரு மலைநகருக்காக எழுதப்பட்டது. அங்கே இயங்கிய உள்ளூர் வானொலி நிலையத்தை மூடியபோது அதன் ஒலிபரப்பி, மைக்குகள், இரண்டு இரும்பு அலுமாரிகள் எல்லாம் லொறியில் புத்தளத்துக்கு வந்தன. கைநூலும் அட்டவணையும் அலுமாரிக்குள் இருந்தன. எனவே தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரை மக்களுக்கு மூடுபனி, மண்சரிவு நிலவரத்தை வாசித்தோம். நானே வாசித்தேன், நல்ல உச்சரிப்போடு. காற்றும் கடலும் அட்டவணையில் இல்லை. மாற்றம் கோரித் தலைமையகத்துக்கு எழுதினேன். நினைவூட்டலும் அனுப்பினேன். பதில் இல்லை.

ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னஞ்சல் வந்தது. புத்தளம் கடலில் பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். நிலையப் பொறுப்பாளர் றிஷாத்திடம் காட்டினேன். என்னைவிட இருபது வயது இளையவர்; அண்ணன் முறையில் என்னை 'நானா' என்பார்.

"நானா, கடல் எங்கட அட்டவணையில இல்லயே. வாசிச்சா விளக்கம் கேட்டு எனக்குத்தான் கடிதம் வரும்."

"வாசிக்காவிட்டால்?"

"அதுக்குக் கடிதம் வராது."

அப்போது தொலைபேசி அடித்தது. உடப்பு மீனவக் கிராமத்திலிருந்து கனகம்மா என்ற பெண்.

"ஐயா, மண்சரிவு கிடக்கட்டும். காத்து என்ன மாதிரி? வானம் சரியில்ல. இவர் வள்ளத்தத் தள்ளப் போறார், மூத்தவனையும் கூட்டிக்கொண்டு. நான் சொன்னாக் கேக்க மாட்டார். ரேடியோ சொன்னாக் கேப்பார்."

எச்சரிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு சொன்னேன்: "நீங்கள் ஒரு பாட்டுக் கேளுங்கள் அம்மா."

"இந்த நேரத்துல பாட்டா? விசரா உங்களுக்கு?"

பிரிவு பன்னிரண்டு: "விருப்பப் பாடலுக்கான வாழ்த்துச் செய்தி, நேயர் தந்த சொற்களிலேயே மாற்றமின்றி வாசிக்கப்படும்." விளக்கினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். சொல்லச் சொல்ல எழுதினேன். றிஷாத் பிரிவு பன்னிரண்டை இருமுறை படித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

ஐந்தரைக்கு மண்சரிவு நிலவரத்தை வாசித்து முடித்ததும் வாழ்த்தை வாசித்தேன்: "உடப்பு இராசேந்திரத்துக்கு மனைவி கனகம்மா அன்போடு அறிவிப்பது. கடல்ல காத்துக் கடுமையாம், திணைக்களம் சொல்லுது. வள்ளத்த மேல இழுத்துப் போட்டுட்டு வாங்க. பிடிவாதம் பிடிச்சா வீட்டுக்கு வர வேண்டாம்." பிறகு ஒரு காதல் பாடல்.

எட்டு மணிக்கு எங்கள் கூரையில் இரண்டு தகரங்கள் பறந்தன. பத்து மணிக்கு இராசேந்திரம் தொலைபேசியில் பேசினார்.

"ஐயா, நான் காத்தப் பார்த்துத்தான் நிண்டனான். நான் பொஞ்சாதிக்குப் பயந்து நிண்டதெண்டு ஊர்ல எல்லாரும் கதைக்கிறாங்க. திருத்திச் சொல்லுங்க."

"திருத்தத்துக்கு எழுத்து மூல விண்ணப்பம் வேண்டும்," என்றேன். அவர் எழுதவில்லை. அன்று கரையில் நின்ற மற்ற வள்ளக்காரர்களும் எதையும் எழுதவில்லை.

அடுத்த வாரம் எத்தாளையிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் மனைவிமாரின் வாழ்த்துகள் வரத் தொடங்கின. திணைக்கள அறிவித்தலை நான் தொலைபேசியில் சொல்வேன். அவர்கள் தங்கள் சொற்களில் திருப்பித் தருவார்கள். நான் மாற்றமின்றி வாசிப்பேன். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கடல்நிலை அறிவித்தல் இப்படித்தான் நடந்தது.

புதிதாகச் சேரும் அறிவிப்பாளர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: கைநூலைப் பிரிவு ஏழோடு மூடிவிடாதீர்கள்.

தலைமையகம் பதில் அனுப்பியது. புத்தளத்தில் மலைகள் இல்லை என்பதற்குப் பிரதேச செயலாளரின் சான்றிதழை இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும். கடிதம் என் கைக்குக் கிடைத்தது நான் ஓய்வு பெற்ற பத்தொன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை.