பன்னிரண்டு நிமிடத்து டீசல் பைப்

லாரி ஷெட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் ஸ்பானர் அக்கா. மானேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே ஷெட்டின் சாமான் அறையில் போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வந்தவள். மெக்கானிக்குகள் தப்பான சைஸைக் கேட்டு வாங்கிப் போவார்கள், திரும்பி வந்து அவள்மேலேயே எரிந்து விழுவார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், "நகருங்க, நானே மாட்டுறேன்" என்று இன்ஜினுக்கு அடியில் புகுந்தவள்தான், சாமான் அறைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, கை என்றால் அது கை. பம்பிலிருந்து இன்ஜினுக்கு டீசலைக் கொண்டுபோகிற இரும்புக் குழாயை ஷெட்டில் டீசல் பைப் என்பார்கள். ஒரு இன்ஜினில் இப்படி ஆறு இருக்கும். ஒன்றை மாட்ட மற்றவர்களுக்கு இரண்டு ஆளும் அரைமணி நேரமும் வேண்டும். அவள் தனியாளாகப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிப்பாள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. பைப்பை நடுவில் பிடித்திருக்கும் கிளாம்பை முதலில் இறுக்கிவிடுவாள். பைப் ஆடாது, பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டாம். அப்புறம் இரண்டு முனை நட்டையும் இழுத்து முறுக்கினால் தீர்ந்தது. ஷெட்டே அவளைப் பார்த்து அந்த வழிக்கு மாறியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் டிரைவர். பத்து வருஷம் மூட்டை தூக்கி முதுகு போய், படுத்தால் எழ முடியாமல் கிடந்தவன். லாரி ஓட்டப் பழகிய பிறகுதான் நிமிர்ந்து நடந்தான். அவனை நம்பிப் புது லாரியைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. முதல் சர்வீஸுக்கு ஷெட்டில் கழற்றி மாட்டி அனுப்பியதோ இல்லையோ, பிடித்தது சனி. மூன்று மாதத்தில் மூன்று தடவை டீசல் பைப் உடைந்து நடுரோட்டில் நின்றது. மூன்று தடவையும் அக்காதான் புதுப் பைப் மாட்டினாள்.

குண்டு குழி பார்க்காமல் அடித்து ஓட்டுகிறான் என்று மானேஜர் முடிவு கட்டிவிட்டார். இன்னொரு தடவை உடைந்தால் சாவி வேறு ஆளுக்கு, இவன் பழையபடி மூட்டை ஏற்றப் போகலாம் என்றார். அன்று சாயங்காலம் தம்பியின் மனைவி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மறுபடி மூட்டை தூக்கினா அவரு படுத்துடுவாரு அண்ணி" என்றாள்.

நாலாவது தடவையும் உடைந்தது. காலை பத்து மணிக்கு லாரியைக் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். மூன்று மணிக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்வதாக மானேஜர் சொல்லி அனுப்பினார். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தனை பேர் முன்னாலும் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். லாரியை ஓட்டுகிறாயா, இல்லை ஏறி மிதிக்கிறாயா என்றாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"வண்டிய நான் ஓட்டுறேன்க்கா. பைப்ப நான் மாட்டல."

வாயைப் பார் இவனுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் திரும்பினாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. பழைய இரும்பு போடும் டிரம்மைக் கவிழ்த்து, முன்பு உடைந்த மூன்று பைப்பையும் தேடி எடுத்தாள். புதிதாக உடைந்ததையும் சேர்த்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். நாலும் நட்டுக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரே பக்கமாக விரிசல் விட்டிருந்தன. குழியில் விழுந்து உடைந்திருந்தால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்றல்லவா உடையும்? நாலும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே இடத்திலா?

லாரிக்குப் போனாள். சர்வீஸின்போது அவள் கையாலேயே மாட்டிய, இன்னும் உடையாத பக்கத்துப் பைப்பின் நட்டைக் கழற்றினாள். நட் விட்டதும் பைப் துள்ளி விலகியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளாம்பைத் தளர்த்தினாள். பைப் தானாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவ்வளவுதான் விஷயம். கிளாம்பை முதலில் இறுக்கினால் பைப் கோணலாகவே நின்றுவிடும். அதை நட் இழுத்துப் பிடித்திருக்கும். இன்ஜின் அதிர அதிர, இழுபட்ட இடம் விரிசல் விட்டுவிடும். பழைய லாரிகளில் பைப் நீளம், வளைந்து கொடுத்தது. புது இன்ஜினில் பைப் குட்டை. அவள் பெருமைப்பட்ட அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் தம்பியை மூட்டைக்கு அனுப்பப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் தப்பைக் கண்டுபிடித்தவளும் நான்தானே என்று எழுந்து முகம் கழுவினாள்.

மூன்று மணிக்கு மானேஜர் வந்தார்.

"சாவிய வாங்காதீங்க சார். நாலு பைப்பையும் உடைச்சது நான்" என்றாள்.

மானேஜர் சிரித்துவிட்டார். தம்பிக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தார். அவள் விடுவாளா? ஸ்பானரை அவர் கையில் திணித்து, சர்வீஸில் அவள் மாட்டிய பிறகு யாரும் தொடாத இன்னொரு பைப்பின் நட்டை அவரையே கழற்றச் சொன்னாள். பைப் துள்ளியதில் வெள்ளைச் சட்டைக் கை முழுக்க டீசல். அவர் சட்டையைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், சாவி தம்பியிடமே இருக்கட்டும் என்றார். ஷெட்டில் இனி இரண்டு முனையும் முதலில், கிளாம்ப் கடைசியில் என்று அங்கேயே முடிவானது.

புதுப் பைப் மாட்ட இப்போது இன்னொரு ஆள் வேண்டுமே. தம்பியையே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நட்டை முறுக்கியபடி, அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் சொன்னதுதான் சரி என்று மெல்லச் சொன்னாள்.

"திட்டினப்போ ஷெட்டே கேட்டுச்சுக்கா" என்றான் அவன்.

திமிர் பிடித்தவன். ஆனாலும் நியாயம்தான். அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டைப் பார்த்துத் திரும்பி, தகரக் கூரை அதிரச் சொன்னாள்.

"பைப்ப அவன் மாட்டல. நான்தான் மாட்டினேன்."

அந்தப் பைப்பை மாட்டி முடிக்க இருபத்தெட்டு நிமிடம் ஆனது. இரண்டு வருஷமாக அதே பைப்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.