பஞ்சகல்யாணி அல்ல, ஃபெல் போனி

போன மாசியில் பள்ளிக்கூடத்தால் வட இங்கிலாந்து மலைகளுக்குக் கூட்டிப்போனார்கள். ஆலங்கட்டி மழை பிடிக்க நாங்கள் பஸ்ஸுக்கு ஓடினோம். சரிவில் நின்ற கறுத்த குட்டைக் குதிரை ஒன்று காற்றுக்கு முதுகைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் புல் மேய்ந்தது. அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்: எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பேச்சுப்போட்டியில் இதைப் பற்றித்தான் பேசுவது.

நாங்கள் இருக்கிற ஹரோவில், நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். பெயர் ஃபெல் போனி. தார் ரோட்டுகளுக்கு முந்தின காலத்தில் ஈயமும் கம்பளியும் சுமந்து மலை தாண்டியது. ரெயில் வந்தது, பிறகு டிராக்டர் வந்தது, இதற்கு வேலை போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக அருகிவிட்டது. கணுக்காலில் குஞ்சம்போல மயிர். நீலம் ஓடிய குளம்பு, கல்லுக்கு அசையாது. உடம்பில் வெள்ளை கூடினால் வளர்ப்பவர்களுக்குப் பிடிக்காது; நெற்றியில் சின்னப் பொட்டு, பின்காலில் கொஞ்சம், அவ்வளவுதான்.

எங்கள் போட்டியில் பேச்சை முதலே எழுதிக் கொடுக்கவேண்டும். ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற அங்கிள் ஒருவர், கணக்காளர், எல்லாவற்றையும் திருத்தித் தருவார்; அதைப் பாடமாக்கி ஒப்புவிக்கவேண்டும். என்னுடையது திரும்பி வந்தபோது என் குதிரைக்கு நாலு காலும் முகமும் வெள்ளையாகியிருந்தன. பஞ்சகல்யாணி!

"அங்கிள், இது அந்தக் குதிரை இல்லை."

"பிள்ளை, பஞ்சகல்யாணி எண்டால்தான் ராசி. சபையில சொல்லேக்க ஒரு எடுப்பு வேணும். நீர் எழுதினது குதிரையே, கழுதையே?"

"அந்த வெள்ளை இருந்தால் ஆரும் இதை ஃபெல் போனி எண்டு ஒத்துக்கொள்ளமாட்டினம்!"

"இஞ்ச ஆர் வந்து பாக்கப்போகினம்?"

இதைக் கேட்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்க ஆளில்லை என்றால் எதையும் சொல்லலாமா? அம்மாவும் அவர் பக்கம். "வடிவாத்தானே எழுதியிருக்கிறார். பாடமாக்கன்."

பாடமாக்கவில்லை. மேடையில் என் குதிரையைத்தான் பேசினேன், கறுப்பாக, குட்டையாக. முன்வரிசையில் நடுவர்கள், அங்கிள் திருத்திய பேப்பரில் விரலை வைத்துத் தேடினார்கள். ரீச்சர் திரைக்குப் பின்னால் நின்று, "நாலு காலும் வெள்ளை... நாலு காலும் வெள்ளை..." என்று எடுத்துக் கொடுத்தபடி இருந்தா. நான் நிறுத்தவில்லை. முடிந்ததும் பெரிய கைதட்டல். எதற்கு? "பாவம், பாடம் மறந்தும் பயப்படாமல் சமாளிச்சிட்டுது" என்று ஆறுதல் பரிசு தந்தார்கள்!

பிழை விட்டாய் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன். மறந்துவிட்டதாம். ஒரு பிள்ளை தானாகத் தமிழில் யோசித்துப் பேசும் என்பது அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அங்கிள் முதுகில் தட்டி, "அடுத்த வருசம் லேசான தலைப்பா எடும்" என்றார்.

அடுத்த வருசம் வரைக்கும் என்னால் பொறுக்க ஏலாது. அடுத்த மாதம் ஸ்ட்ரெதம் தமிழ் வகுப்பிலும் போட்டி, பெயர் கொடுத்துவிட்டேன். பேப்பர் தரமாட்டன் என்று போனில் சொன்னேன்.

"அப்ப மறந்தால் ஆர் எடுத்துக் குடுக்கிறது?" என்று கேட்டார் அங்குள்ள பொறுப்பாளர்.

"பேச்சு முடிய சபை என்னைக் கேள்வி கேக்கட்டும்" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஓம் என்றாலும் சரி, இல்லையென்றாலும் சரி, பேசி முடித்ததும் மேடையை விட்டு இறங்காமல் நானே கேட்கப்போகிறேன்: ஆருக்கு என்ன சந்தேகம்?