இரண்டடிக்குக் கீழே

இது நடந்ததுதான். பசுபதியைத் தெரிந்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத மனிதர் அவர். டெக்சஸில் சாலைப் பொறியாளராக ஆறு வருஷம் மாடாய் உழைத்து, கிரீன் கார்டுக்குக் காத்துக் காத்துக் களைத்துப் போனவர்.

2001, ஆகஸ்ட். ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு நாட்டுப்புறச் சாலை. நடுவில் ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலையில் ஏதாவது கிடந்தால், வண்டி ஓட்டுகிறவருக்குப் போதுமான தூரத்திலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேட்டை வெட்ட வேண்டும். அதுவரை அந்தப் பொருளின் உயரம் ஆறு அங்குலம் என்று வைத்து அளந்தார்கள். புதிதாக வந்த விதிப்புத்தகம் இரண்டடி என்று வைத்தால் போதும் என்றது; உயரமான பொருள் தூரத்திலேயே தெரிந்துவிடுமே. ஒரு மண்வெட்டிகூடப் படாமல் பாதி மேடுகள் பாஸாகிவிட்டன. அரசாங்கப் பணமும் மிச்சம். இந்த மேடும் பாஸாக வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. பசுபதியின் கிரீன் கார்டு ஃபைல் அவர் மேஜையில்தான் இருந்தது.

"உச்சி வேளையில தனியா நிக்காதீங்கண்ணே, பேய் புடிச்சிரும்!"

சிரித்துக்கொண்டே இரண்டடிப் பலகையோடு மேட்டைத் தாண்டிப் போனான் கூட வேலை பார்க்கும் கிருபைராஜ், நாகர்கோவில்காரன். பசுபதி இந்தப் பக்கம் குனிந்து, காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு வந்தார்.

மணி 12.10. பலகையின் ஆரஞ்சு விளிம்பு தெரிந்தது. பாஸ்.

அப்போது வாக்கி டாக்கியில் ஒரு சத்தம். தப்... தப்... ஈரக் கையால் தரையைத் தட்டுவது போல.

"கிருபை, என்ன சத்தம்?"

"சத்தமா? ஒண்ணும் இல்லியேண்ணே."

மேட்டின் உச்சியில் ஏதோ அசைந்தது. முடி. வெளுத்த, மெல்லிய முடி...

நிமிர்ந்து பார்த்தார். வெறும் சாலை.

குனிந்தார். இருந்தது. முன்னைவிடப் பக்கத்தில்.

நிமிர்ந்தார். இல்லை.

தப்... தப்... இப்போது சத்தம் வாக்கி டாக்கியிலிருந்து வரவில்லை.

மறுபடி குனிய அவருக்குத் தைரியமில்லை.

பேன்ட் நுனியை யாரோ பிடித்தார்கள். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார்கள்...

கிருபைராஜ் திரும்பி வந்தபோது பசுபதி காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெயில் ஒத்துக்கல," என்றார்.

மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. பலகை தெரிந்ததா? தெரிந்தது. அந்தச் சாலையின் மூன்று வருஷ விபத்துக் கணக்கும் பூஜ்யம். பயந்துவிட்டேன் என்று எந்த விதியைக் காட்டிச் சொல்வது? அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார் பசுபதி.

அக்டோபரில் அந்தப் பக்கம் போனபோது பெட்ரோல் போட ஒரு பங்க்கில் நிறுத்தினார். கல்லாவில் சாந்தாமணி என்று ஒரு கோயமுத்தூர் அம்மாள். பேச்சுவாக்கில் மேட்டைப் பற்றிக் கேட்டார்.

"அந்த மேட்டுலங்களா? பாவம், தவழ்ற குழந்தை ஒண்ணுங்க. பட்டப்பகல்ல. ட்ரக் ஓட்டுனவனுக்குக் கடைசி வரைக்கும் கண்ணுக்கே தெரியலைங்களாம்."

"எப்பக்கா?"

"நாலு வருஷம் ஆச்சுங்க."

மிச்சமான பணத்தில் வேறெங்கோ தார் போட்டார்கள். மேடு அப்படியே இருக்கிறது. அந்த டிசம்பரில் பசுபதிக்குக் கிரீன் கார்டு வந்தது.