மாவுக்குள் ஒரு சென்சார்

போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் ஒரு வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லாம் என் வீட்டுக்காரர் தயவு.

ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு எலக்ட்ரானிக்ஸ் ஆசை வந்துவிட்டது. வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். பாடம் — ஃபீட்பேக் கன்ட்ரோல். பயப்படாதீர்கள்... ஒரு இயந்திரம் தன் வேலையின் பலனைத் தானே பார்த்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டிக்கொள்வது. அவ்வளவுதான். நம் வீடுகளில் அப்படி யாராவது இருக்கிறார்களா?

கடைசி நாள் ஆளுக்கொரு கருவி செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் மோட்டார் ஓட்டினார்கள். நான் மாவு புளிக்க வைக்கும் பெட்டி செய்தேன். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டு இட்லி மாவு பொங்குவதே இல்லை. பாத்திரத்துக்கு அடியில் சின்ன ஹீட்டர், மாவுக்குள் சூட்டை அளக்கும் சென்சார். மாவு வெதுவெதுப்பானால் ஹீட்டர் தானாக அணையும், ஆறினால் எரியும். எல்லோருக்கும் இட்லி என்று வகுப்பில் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை பெட்டியை ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாவம், இந்தக் குளிரில் எப்படி உழைக்கிறது என்று நெகிழ்ந்துபோய், திறக்காமலே தூக்கிக்கொண்டு போனேன். பெட்டி சுமக்க வீட்டுக்காரரும் வந்தார்.

வகுப்பில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, மூடியைத் திறந்தேன். மாவைக் காணோம். பாத்திரம் நிறைய, ஓரம் கருகிய ஒரே ஒரு இட்லி!

சென்சார் எங்கே? தேடினோம். பெட்டியின் பின்பக்கம், வெளியே, டேப் போட்டு அழகாக ஒட்டியிருந்தது.

“ராத்திரி தெறந்து பாத்தா மாவுக்குள்ள ஒயரு கெடந்துச்சுங்க. சுத்தமா இருக்கட்டுமேன்னு எடுத்து வெளிய ஒட்டிப்போட்டேன்” என்றார் வீட்டுக்காரர், பாராட்டை எதிர்பார்த்து.

உள்ளே மாவு வெந்துகொண்டிருக்க, சென்சார் வெளியே மார்கழிக் குளிரை அளந்து, ‘இன்னும் சூடு பத்தவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஹீட்டரும் அதை நம்பி எரிந்திருக்கிறது.

வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால், பாடம் நடத்தும் பிரியாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

“உங்க பெட்டி மேல தப்பே இல்லீங்கக்கா. அதுக்குப் போன தகவல்தான் தப்பு” என்றவள், என்னைப் பாஸ் போட்டுவிட்டு, இதைவிட நல்ல உதாரணம் தனக்குக் கிடைக்காது என்று எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

நடுப்பகுதியை வெட்டி ஆளுக்கொரு துண்டு தின்றோம். என்னவர் மட்டும், “உப்புக் கொஞ்சம் கம்மி, அம்மணி” என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை!

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ‘சாம்பார் எப்படிங்க?’ என்று கேட்டால், ‘ம்’ என்பார். இத்தனை வருடமாக அந்த ‘ம்’மை நம்பித்தானே சமைத்துக்கொண்டிருக்கிறேன்...