காற்றில் தொங்கிய பெயர்ப்பலகை

கம்பியில்லாத இணையம் எங்கள் மாடிக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டில் அலுமாரிக்கு மேலே சின்னப் பெட்டியொன்று பச்சையாய்க் கண்சிமிட்டும்; மேலே கட்டிலில் படுத்தபடி நான் உலகத்தோடு பேசுவேன். சுவரைத் துளைக்காமல் சுவரைக் கடக்கிறதே என்று வந்தவர் போனவரிடமெல்லாம் வியந்தேன். பெட்டி, வீட்டுக்கார ஹாஜியாருடையது. கெலிஓயாவில் இரும்புக்கடை. "காத்துல வாரதுக்கு வாடகை எடுக்க ஏலுமா சேர்?" என்று சொல்லித்தான் கடவுச்சொல்லைத் தந்தார். பதிலுக்கு அந்த இணைப்புக்குப் பெயர் வைத்துக் கொடுத்தது நான். பகிடியாக: ஹாஜியார் ஹவுஸ்.

பல்லேகலப் பக்கம் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம் கடைகளை எரித்த கிழமை அது. ஊரடங்கு. குண்டசாலையில் எங்கள் குறுக்குத்தெரு மூச்சடக்கிக் கிடந்தது. மாடி ஜன்னலில் நின்று புகையைப் பார்த்தேன். பயம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. இந்த முறை நாங்கள் இல்லை. அவ்வளவுதான், ஒரு மூச்சு நீளத்துக்கு ஆறுதல். பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்திலும் அதையே கண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பாராமல் திரும்பிக்கொண்டோம்.

அப்போதுதான் ஹாஜியார் படியேறி வந்தார், கையில் போனோடு.

"அலவத்துகொடயிலிருந்து மகள் எடுத்தா. ரோட்டுல நிக்கிறவன்ட போன்லயும் எங்கட வைஃபை பேரு விழுமாம். மெய்யா சேர்?"

"விழும்."

என் சிறுவயதில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கலவரத்தில் அப்பா கேட்டிலிருந்த பெயர்ப்பலகையைத் திருகாணி கழற்றி எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார். இவருக்குக் கழற்றப் பலகையே இல்லை. நான் மாட்டிய பலகை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, தெருமுனை வரைக்கும்.

"மாத்திடலாம் ஹாஜியார். என்ன பேரு போடட்டும்?"

கொஞ்சம் யோசித்தார். "கதிர்காமம்டு போடுங்க. நீங்களும் கும்புடுறீங்க, அவனுகளும் கும்புடுறானுகள். ரெண்டு பக்கமும் சரி."

சிரித்தார். மனைவியும் சிரித்தாள். என் கடவுளைக் கொஞ்ச நாளைக்கு இரவல் கேட்கிறார். நானோ சற்றுமுன் அந்த ஜன்னலில் நின்றவன். காது சுட்டது.

பெயரை மாற்றியதும் வீட்டிலிருந்த எல்லாப் போன்களின் இணைப்பும் அறுந்துபோனது. கீழிருந்து அவர் மனைவியின் குரல்: "சேர், மகளோட பேசிட்டீந்தேன், வெட்டுப்பட்டுட்டு! எங்கட நெட் எங்க போன?"

இறங்கிப்போய் ஒவ்வொரு போனாக வாங்கி, கதிர்காமத்தைத் தொட்டு, கடவுச்சொல் அடித்துக் கொடுத்தேன். தஸ்பீஹ் மணியைப் பிடித்திருந்த கையால் அந்த அம்மா போனை வாங்கி, மறுபடி மகளை அழைத்தார்.

பொழுது சாயும்போது மோட்டார் சைக்கிள்கள் தெருமுனைக்கு வந்து நின்றன. ஜன்னல் திரைக்குப் பின்னிருந்து பார்த்தேன். சிலர் போனைக் குனிந்து பார்த்தார்கள். வண்டிகள் உறுமின. பிறகு திரும்பிப் போய்விட்டன. பெயரைப் பார்த்துப் போனார்களா, பெரிய ரோட்டில் ஆமி ஜீப் சத்தம் கேட்டுப் போனார்களா, இன்றுவரை தெரியாது.

ஊரடங்கு நீங்கி, கடைகள் திறந்தபின், ஹாஜியாரின் மகள் வீட்டுக்கு வந்தாள். நான் வாடகை கொடுக்கக் கீழே போயிருந்தேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்து முழுக் கூடத்தையும் சுற்றினாள்.

"வாப்பா, எங்கட நெட்ட காணல்லயே?"

"கதிர்காமத்துல ஈக்கிது மகள்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"பழைய பேரையே இப்ப போட்டுடுறேன் ஹாஜியார்," என்றேன், அவசரமாக.

"ஈக்கட்டும் சேர்." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "சும்மா மாத்தி மாத்தி என்னத்துக்கு? அடுத்த முற உங்களுக்கும் வந்தா, அந்த நேரம் புதுசா ஒண்டு யோசிப்பம்."

எங்களுக்கும் வந்தால். என்னையும் சேர்த்தே எண்ணிவிட்டிருந்தார். சட்டைப்பைக்குள் என் போன், நான் கேட்காமலே, அவர் வீட்டோடு மறுபடி இணைந்து ஒருமுறை அதிர்ந்தது.